பலகைக்குப் பின்னால் ஒரு படம்

எரிந்துபோன பட்டறைக்குள் முதலில் நுழைந்தவன் சில்லறைதான். நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்துவிட்டான்.

"என்ன?" என்றார் துபாஷி.

"உள்ளே காத்தே இல்ல மேடம், கரிதான் இருக்கு. ஒரு தடவை மூச்சு விட்டா மீசை தானா முளைச்சிடும்."

"உனக்கு அதாவது முளைக்கட்டும். வா."

துபாஷி பாதி ஆயுளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகக் கழித்தவர். சாட்சிகள் உளறியதை நீதிபதிக்கும், நீதிபதி உறுமியதைச் சாட்சிகளுக்கும் மாற்றிச் சொல்லிச் சொல்லி, யார் எந்த வார்த்தையில் பொய்யை ஒளித்து வைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்தார். அங்கே உதவிக்கு வந்தவன் வாயை மூடவே இல்லை. "நோட்டு சத்தம் போடாது. சில்லறைதான் குலுங்கும்" என்று அவர் ஒரு நாள் அலுத்துக்கொண்டார். முப்பது வயதைத் தாண்டிய அந்த ஆளுக்கு அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அவர்களுக்குப் பின்னால், பட்டறையின் இரும்புக் கதவைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். இறந்துபோன வெல்டரின் மனைவி. உள்ளே வர அவளுக்குக் கால் எழவில்லை.

முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்து அவள் சொன்னது கொஞ்சம்தான். "விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க. என் வீட்டுக்காரர் தீக்குச்சியை அணைச்சாக்கூட தண்ணியில நனைச்சுட்டுத்தான் கீழே போடுவார். அவர் எரியற சரக்குப் பக்கத்துல வெல்டிங் வைக்க மாட்டாரு மேடம். யாரோ எரியாதுன்னு சொல்லியிருக்கணும். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

பட்டறை முதலாளிக்கு ஒரு பக்கப் புருவம் இல்லை. தீயை அணைக்க வந்தபோது போனதாம். அதைத் தடவிக்கொண்டே மூலையில் கிடந்த டிரம்மைக் காட்டினார். மேல்மூடி பிய்ந்து, உடம்பெல்லாம் கருகி, சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது.

"துரு எடுக்கிற திரவம். இத்தனை நாளா ஒரு கம்பெனிகிட்ட வாங்கினோம், அது எரியாது. அன்னைக்குத்தான் முதல் தடவையா புதுக் கம்பெனி சரக்கு வந்துச்சு."

"இது எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெல்டரோட அண்ணன் சொல்லித்தான் தெரியும். இங்கிலீஷ் மாஸ்டர். இங்க எந்தப் பொருள் வந்தாலும் அவர்தான் படிச்சுச் சொல்வார். தம்பிக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டாந்தவர், டிரம்மைப் பார்த்துட்டு, 'மோசமான சரக்கு, எச்சரிக்கை போர்டு இல்லாம வைக்கக் கூடாது'ன்னார். அவர் கிளாஸ்ல மாட்டி வச்சிருந்த போர்டை அவரே எடுத்துட்டு வந்து கம்பியால கட்டினார். யாருங்க இந்தக் காலத்துல இவ்வளவு அக்கறையா இருக்கா?"

"அப்போ வெல்டர் எங்கே இருந்தார்?"

"இரும்பு கேட் ஒண்ணு அளவெடுக்க வெளியே போயிருந்தான்."

"எரியற சரக்குன்னு தெரிஞ்சப்புறமும் வெல்டிங் மூலையிலயா விட்டீங்க?"

முதலாளி தரையைப் பார்த்தார். "மதியத்துக்கு மேல மாத்திக்கலாம்னு இருந்தேன். எனக்கு ஒரு வேலை இருந்துச்சு, கிளம்பிட்டேன். போர்டுதான் இருக்கே, படிச்சுக்குவான்னு நினைச்சேன். அவன் இங்கிலீஷ்ல தேறி வெளிநாட்டுக் கப்பல் கட்டுற இடத்துக்குப் போக இருந்தவன்."

டிரம்மின் வயிற்றோடு ஒரு தகரப் பலகை கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சிவப்பு எல்லாம் பழுப்பாகியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. சில்லறை குனிந்து எழுத்துக் கூட்டினான்.

"இன்... ஃப்ளேம... பிள்."

"அர்த்தம்?"

"இன்-னா 'இல்லை'ங்கிறதுதானே மேடம். இன்கரெக்ட்னா சரியில்லை. இன்விசிபிள்னா கண்ணுக்குத் தெரியாது. அப்ப இது எரியாது."

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கதவருகே நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ பட்டதாரி" என்றார் துபாஷி.

"பாஸ் மார்க் மேடம்."

"அது 'இல்லை'ங்கிற இன் இல்ல. உள்ளேங்கிற இன். நெருப்பை மூட்டறதுங்கிற லத்தீன் வார்த்தையிலேர்ந்து வந்தது. புண்ணு சிவந்து கொதிச்சா டாக்டர் இன்ஃப்ளமேஷன்னு சொல்றார் பார், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். உன்னை மாதிரியே பல பேர் தப்பா அர்த்தம் பண்ணிக்குவாங்கன்னுதான், பாதுகாப்பு அதிகாரிங்க அந்த இன்னை வெட்டி எறிஞ்சுட்டு வெறும் ஃப்ளேமபிள்னு எழுதச் சொன்னாங்க. அதுவும் போதாதுன்னு இப்ப படமும் போடறாங்க. எழுத்தே தெரியாதவனுக்கும் புரியணும்னு."

"இதுல படத்தைக் காணோமே."

"அதைத்தான் நானும் தேடறேன். கட்டர் கொடு."

கம்பியை வெட்டிப் பலகையை உருவினார். டிரம் முழுக்கக் கரி. பலகை மறைத்திருந்த சதுரம் மட்டும் தீ தொடாமல் பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில், மூன்று நாக்கோடு ஒரு தீச்சுடர்ப் படம், அச்சுக் கலையாமல்.

சில்லறை அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"குழந்தைக்கும் புரியற படத்தை மூடிட்டு, பட்டதாரிக்கே புரியாத வார்த்தையை மேல மாட்டியிருக்கார்" என்றார் துபாஷி. "ரொம்ப அக்கறையான மனுஷன்தான்."

*

காரின் பின் இருக்கையில் வெல்டரின் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். துபாஷி முன்னாலிருந்து கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கும் அவங்க அண்ணனுக்கும் எப்படி?"

"இவரு அண்ணன்னா உசிரை விடுவார். இங்கிலீஷ் கத்துக் கொடுத்ததே அவங்கதான். ஆனா கத்துக் கொடுக்கிற மாதிரியே இருக்காது, குத்திக் கொடுக்கிற மாதிரி இருக்கும்." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "இவரு என்னை நைஸ்னு கூப்பிடுவார். கத்துக்கிட்ட முதல் வாரத்துலேர்ந்து. 'நைஸ், தண்ணி கொண்டா.' 'நைஸ், தூங்கிட்டியா.' ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டுட்டாங்க. 'அந்த வார்த்தைக்கு ஆதியில முட்டாள்னு அர்த்தம், நீ சரியாத்தான் கூப்பிடறே'ன்னு சிரிச்சாங்க. அத்தையும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் இவரு கூப்பிடவே இல்ல."

"நிஜமா மேடம்?" என்றான் சில்லறை.

"லத்தீன்ல அறியாதவன்னுதான் ஆரம்பிச்சுது."

"என்னை விட்டுட்டுப் போன பொண்ணு, போகும்போது 'யூ ஆர் எ நைஸ் பாய்'னா. உண்மையைச் சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

பின்னால் அந்தப் பெண்ணின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"ஒரு வார்த்தை எங்கே பொறந்துதுங்கிறது வேற, இப்ப எங்கே குடியிருக்குங்கிறது வேற" என்றார் துபாஷி. "உங்க வீட்டுக்காரர் சரியாத்தான் கூப்பிட்டிருக்கார்."

*

அன்று பட்டறையில் வெல்டரோடு வேலை பார்த்த பெயிண்டரின் வீடு ஒற்றை அறை. இரண்டு கைகளும் தோள் வரை கட்டுப்போட்டு, கட்டிலில் சாய்ந்திருந்தான். தீ பிடித்தபோது வெல்டரை இழுக்கப் போன கைகள் அவை. அவன் மனைவி தம்ளரை அவன் வாயில் வைத்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த டிரம் பக்கத்துல என்ன நடந்துது, அப்படியே சொல்லுங்க" என்றார் துபாஷி.

"ஒரு இரும்பு கேட் அன்னைக்குச் சாயங்காலமே டெலிவரி ஆகணும். அவன் மிஷினைப் போட வந்தவன் நின்னுட்டான். 'வாசனை வேற மாதிரி இருக்கே'ன்னான். போர்டைப் படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். தள்ளி வைக்கலாம்னா நாலு ஆள் வேணும், நாங்க ரெண்டே பேர். 'எதுக்கும் கேட்டுடறேன்'னு போன் போட்டான். கையில கிளவுஸ் இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டான்."

"யார்கிட்டப் பேசினார்?"

"சொல்லல. நான் இந்தப் பக்கம் கிரைண்டர் ஓட்டிக்கிட்டிருந்தேன். இவன் பேசினதுதான் அரைகுறையா கேட்டுச்சு. இல்லைன்னான். அப்புறம் எரியாதுன்னான். அப்புறம் போன்ல அந்தப் பக்கம் டிவி ஓடுற சத்தம்."

"டிவியா?"

"ஏதோ காமெடி. ஒரு கூட்டமே கொல்லுனு சிரிச்சுது. எதுக்குன்னு தெரியாமலே இவனும் சிரிச்சுட்டு வச்சான். 'எரியாதாம்பா, சின்ன விஷயத்தைக் கேட்டு மானத்தைப் போக்கிக்கிட்டேன்'னு என்கிட்டச் சொல்லிட்டு முகமூடியை இறக்கினான்." பெயிண்டர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான். "அப்புறம் நான் பார்த்ததைக் கேக்காதீங்க."

வெளியே வந்ததும் சில்லறை முணுமுணுத்தான். "காமெடி பார்க்கிறவன்கிட்டப் போய் உயிர் விஷயத்தைக் கேட்டிருக்காரே மேடம்."

துபாஷி போனை எடுத்து இன்ஸ்பெக்டரை அழைத்தார். "ஒரு இங்கிலீஷ் வகுப்புக்கு வரணும். மாடிப்படியில நின்னு கேட்டாப் போதும், உள்ளே வர வேண்டாம்."

*

ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருந்தது வகுப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் விற்பனைப் பெண்கள், ஓட்டுநர்கள், ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, வேலை தேடும் இளைஞர்கள். சுவர் முழுக்க விதவிதமான ஆங்கில அறிவிப்புப் பலகைகள். மாஸ்டர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். குரல் பாகு மாதிரி வழிந்தது.

"டெட்லைன். பழைய போர்க்காலச் சிறையில கைதிகளைச் சுத்தி ஒரு கோடு போட்டிருப்பாங்க. அதைத் தாண்டினவனைச் சுட்டுடுவாங்க. நேத்தோட வீட்டுப்பாடத்துக்கு டெட்லைன் முடிஞ்சுது. கோட்டைத் தாண்டின பிணங்கள் எல்லாம் எழுந்து நில்லுங்க."

ஆஸ்பத்திரி ஆயா மட்டும் எழுந்தாள். "ராத்திரி டூட்டி சார்."

"பிணம் பேசக் கூடாது" என்றார் மாஸ்டர். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தபடி நின்றாள்.

துபாஷியும் சில்லறையும் உள்ளே நுழைந்தார்கள். வெல்டரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் மாஸ்டர் கை கூப்பினார்.

"துப்பறியறவங்களா. சந்தோஷம். க்ளூங்கிற வார்த்தைக்குப் பழைய அர்த்தம் நூல்கண்டு, தெரியுமா? நூலைப் பிடிச்சுக்கிட்டே இருட்டுப் பாதையிலேர்ந்து வெளியே வந்தவனோட கதையிலேர்ந்து வந்தது. நீங்க எந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?"

"நூல் கிடைக்கல சார். கம்பிதான் கிடைச்சுது" என்று சில்லறை தகரப் பலகையை மேஜைமேல் வைத்தான்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பியைக் காப்பாத்தறதுக்காக நான் மாட்டினது. எச்சரிக்கை மாட்டறதைத் தவிர ஒரு அண்ணன் வேற என்ன செய்ய முடியும்?"

"தீச்சுடர்ப் படத்துக்கு மேல ஏன் மாட்டினீங்க?"

"அந்த இடம்தான் கண்ணுக்கு நேரா இருந்துச்சு."

"தம்பிகிட்ட அர்த்தம் சொன்னீங்களா?"

"அவன் அப்போ பட்டறையில இல்ல. அவனாவே இன்-னா 'இல்லை'ன்னு நினைச்சிருப்பான். பாவம், அவசரப் புத்தி."

"சந்தேகம் வந்து யாருக்கோ போன் பண்ணியிருக்கார். உங்களுக்கா?"

"இல்லை. அந்த நேரம் நான் இங்கே பாடம் நடத்திக்கிட்டிருந்தேன். இவங்க எல்லாரும் சாட்சி. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, முழு வகுப்பும்."

"அது போதும்" என்றார் துபாஷி. நாற்காலிகளின் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க. இன்ஃப்ளேமபிள்."

"எரியக் கூடியது" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

"தயங்காம சொல்றீங்களே. எப்படி ஞாபகம் இருக்கு?"

ஒரு விற்பனைப் பெண் நகத்தைக் கடித்தாள். ஓட்டுநர் ஒருவர் மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு இங்கே எல்லாரும் எதுக்குச் சிரிச்சீங்க?" என்றார் துபாஷி.

இன்னும் உட்காராமல் நின்றிருந்த ஆயாதான் பேசினாள். "போன் வந்துச்சு."

"உட்காருங்க" என்றார் மாஸ்டர்.

அவள் உட்காரவில்லை. "சார் அன்னைக்கு அந்த வார்த்தையைத்தான் நடத்திக்கிட்டிருந்தார். எரியும்னு சொல்லி, எல்லாரும் எழுதிக்கிட்டோம். அப்பத்தான் அவர் தம்பி கூப்பிட்டார். சார் எங்களைப் பார்த்து உதட்டுல விரலை வச்சுட்டு ஸ்பீக்கரைப் போட்டார். 'அண்ணா, டிரம்முல இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கு, பக்கத்துல வேலை பார்க்கலாமா'ன்னு தம்பி கேட்டார். 'இன்-னா என்னடா'ன்னார் சார். அவர் 'இல்லை'ன்னார். 'அப்போ?'ன்னார் சார். 'எரியாது'ன்னார். எங்களால சிரிப்பை அடக்க முடியல."

"அப்புறம்?"

"சார் போனை வச்சுட்டு, 'வெளிநாடு போற இங்கிலீஷைப் பார்த்தீங்களா'ன்னார். மறுபடியும் சிரிச்சோம்."

"டிரம் பக்கத்துல நிக்கிறார்னு உங்களுக்கும் தெரியும். எரியும்னும் தெரியும். ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையா?"

ஆயா கையிலிருந்த நோட்டை மூடினாள். "அண்ணன் தம்பி. சாரே அப்புறம் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிடுவார்னு நினைச்சோம். பாடம் முடியறதுக்குள்ள செய்தி வந்துடுச்சு. சார் தரையில விழுந்து அழுதார். நாங்கதான் தண்ணி தெளிச்சோம். அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல. மறுநாளும் வகுப்புக்கு வந்தோம்."

வெல்டரின் மனைவி உள்ளே வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. மாஸ்டரை அவள் பார்க்கவே இல்லை. நேராக ஆயாவிடம் போனாள்.

"அவர் கடைசியா என்ன சொல்லிட்டு வச்சார்?"

"விடும்மா."

"சொல்லுங்க."

"தேங்க்ஸ் அண்ணான்னார்."

மாஸ்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். குரலில் இருந்த பாகு வற்றியிருந்தது. "நான் ஒரு பொய்யும் சொல்லல. எழுதி மாட்டினது உண்மை. போன்ல கேட்டது வெறும் கேள்வி. பதில் சொன்னது அவன். கேள்வி கேட்டது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சரக்கு எரியும்னு உங்களுக்குத் தெரியும். படத்தை மூடினது நீங்க. நெருப்போட பக்கத்துல நிக்கிறார்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேள்வி கேட்டீங்க" என்றார் துபாஷி. "இதையெல்லாம் சேர்த்து எப்படிப் படிக்கணும்னு நீதிபதிக்கு நல்லாத் தெரியும். நான் பல வருஷம் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஆனா ஒண்ணு புரியல. தம்பி வெளிநாடு போறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுது?"

மாஸ்டர் வகுப்பைப் பார்த்தார். அவரைப் பார்க்க யாரும் தயாராக இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே நாள் அந்தக் கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனோம். அவன் வெல்டர் வேலைக்கு. நான் பயிற்சியாளர் வேலைக்கு. அவன் ஓட்டை இங்கிலீஷ்ல என்னமோ சொன்னான், அவங்க சிரிச்சாங்க, கை குலுக்கினாங்க. என்கிட்ட, 'உங்களுக்கு நிறைய வார்த்தை தெரியுது, மனுஷங்ககிட்டப் பேசத் தெரியல'ன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொன்னான். வெல்டர். எனக்கு."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

*

வெல்டரின் மனைவி தனியாக வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். துபாஷியும் சில்லறையும் கூடவே போனார்கள். மாமியார் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வெள்ளைச் சட்டைகள்.

"அத்தை" என்று எதிரில் உட்கார்ந்து மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. போர்டை, படத்தை, போனை, வகுப்பு சிரித்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். கிழவியின் கை மடிப்பை நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"அவன் கேள்விதானே கேட்டான்" என்றாள்.

மருமகள் அந்தச் சட்டை அடுக்கைப் பார்த்தாள்.

"போனவன் போயிட்டான். இனிமே என்ன செஞ்சாலும் வரப் போறதில்ல. இருக்கிறது ஒருத்தன். இவங்களைக் கூட்டிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தெரியாம சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வா."

"மாட்டேன் அத்தை."

"அப்ப என்னை யாரு பார்த்துக்குவா?"

"நான் பார்த்துக்கறேன்."

"நீயா?" கிழவி முதல் முறையாக நிமிர்ந்தாள். "ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வந்தே, அவனைக் காணோம். இப்ப இன்னொருத்தனையும் காட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கே. உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

வாசலில் நின்ற சில்லறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். துபாஷி அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

மருமகள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றை மாமியார் முன்னால் வைத்தாள். கிழவி அதைக் காலால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிந்தியதை மருமகள் கையால் வழித்து ஓரமாக வைத்தாள். பிறகு தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டதில்லை. மாமியாரின் முதுகுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நிதானமாக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.